பாட்டியின் தையல் மெஷினை வாங்கியது யார்?

எங்கள் குடும்பத்தில் கதை சொல்வது பெரியப்பாவின் பொறுப்பு. ஊருக்குப் போய் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்ததும், "பெரியப்பா, அந்தக் கதையைச் சொல்லுங்களேன்" என்று யாராவது ஆரம்பித்து வைப்போம். அவர் குரலை ஏற்றி இறக்கி, ஆட்களைப் போலவே நடித்துக் காட்டிச் சொல்வார். எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்பதுகூட எங்களுக்கு மனப்பாடம். மற்றவர்கள் நடுவில் ஒரு பெயரை எடுத்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அத்தை அதுகூடச் செய்யமாட்டார். ஏதாவது கைவேலை பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்பா இறந்த பிறகு ஊருக்குப் போனபோது இந்தக் கதைகள் என் காதில் வேறு மாதிரி விழுந்தன. தன் சின்ன வயதைப் பற்றி அப்பா எங்களிடம் சொன்னது மிகக் கொஞ்சம். மீதி எல்லாம் அவருடன் பிறந்தவர்களிடம்தான் இருக்கிறது. பெரியப்பா, அத்தை, சித்தப்பா மூவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான், ஆனால் ஆளுக்கொரு வயதில். ஒரு சம்பவத்தை ஒருவர் வாசலில் நின்று பார்த்திருப்பார். இன்னொருவர் சமையலறையிலிருந்து காதில் வாங்கியிருப்பார். கடைக்குட்டி பாதித் தூக்கத்தில் இருந்திருப்பார். இத்தனை கண்களும் காதுகளும் இருந்த வீட்டில் எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒருவரின் கதை. அதனால் அந்தப் பயணத்துக்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். முதலில் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்ப்பது, எல்லாரும் சேர்ந்து உட்காருவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது.

இப்படிச் செய்வதற்கு ஆய்விலும் ஆதாரம் உண்டு. வெல்டன், பெல்லிஞ்சர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று பேர் கூட்டாக உட்கார்ந்து ஒன்றை நினைவுகூர்ந்தால் வருவதைவிட, அதே அளவு ஆட்கள் தனித்தனியே நினைவுகூர்ந்ததைப் பிறகு ஒன்றாகச் சேர்த்தால் கூடுதலாக வருகிறது என்பதுதான் முடிவு. காரணம் எளிது. ஒவ்வொருவரும் தனக்கே உரிய வரிசையில் நினைவைத் தேடிப் போகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் பேசப் பேச அந்த வரிசை அறுந்துபோகிறது. வில்லியம் ஹர்ஸ்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் 2007இல் இன்னொன்றைக் காட்டினார்கள். பேசுபவர் ஒரு விஷயத்தின் ஒரு பகுதியை மட்டும் சொல்லி, அதோடு ஒட்டிய இன்னொரு பகுதியை விட்டுவிட்டால், கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் அந்த விடுபட்ட பகுதி மங்கிப்போகிறது. பெரியப்பா மேல் எந்தக் குறையும் இல்லை. அவர் இல்லாவிட்டால் எங்களுக்கு அந்த ஒரு கதைகூடக் கிடைத்திருக்காது. ஆனால் ஒரே ஆள் பல வருடம் சொன்ன கதை மற்றவர்களின் கதையை மெல்ல மூடிவிடும் என்பது உண்மை.

தையல் மெஷின் கதைக்கு வருகிறேன். பெரியப்பா சொல்வது இதுதான்: ஒருநாள் சாயங்காலம் தாத்தா யாரிடமும் சொல்லாமல் வண்டியில் ஏற்றி ஒரு தையல் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார், பாட்டிக்குப் பேச்சே வரவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்ட கதை. தாத்தா பாட்டிக்கு வாங்கிக் கொடுத்த மெஷின்.

அந்த மெஷின் இப்போது அத்தை வீட்டில் இருக்கிறது. அவரிடம் நான் "அந்தக் காலம் எப்படி இருந்தது அத்தை?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் "ம்... நல்லாத்தான் இருந்தது" என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. "இதுல நூல் எப்படிக் கோக்கணும், காட்டுங்க" என்றேன். நூல்கண்டை மேலே மாட்டினார், கொக்கிகளில் ஒவ்வொன்றாக இழுத்தார், ஊசிக்குள் விட்டார். கை தானாகவே போயிற்று. பாபினை உள்ளே தள்ளி மூடியபடி, என் பக்கம் திரும்பாமலேயே, "இதுக்கு மாசா மாசம் பணம் கட்டினது நான்தான், தெரியுமா கண்ணு?" என்றார்.

மெஷினைக் கொண்டுவந்தது தாத்தாதான். முதல் பணம் கட்டியதும் அவர்தான். மீதி தவணை. சில மாதங்களிலேயே தாத்தாவுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வழக்கம்போலக் காலையில் கிளம்பிப் போய்ச் சாயங்காலம் வந்தார். தெரிந்தது பாட்டிக்கும் அத்தைக்கும் மட்டும். பாட்டி ராத்திரியில் தைத்தார். அந்தக் காசைத் தாளில் மடித்து அத்தையிடம் கொடுத்துவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அத்தை கடையில் கட்டிவிட்டு, ரசீதை வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வருவார். "கடைசித் தவணை கட்டினப்போ அந்தக் கடைக்காரர் எழுந்து நின்னு ரசீது கொடுத்தார்" என்றார் அத்தை. இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணன் சொல்றதும் சரிதானே? அப்பாதானே கொண்டுவந்தார்? அதுக்கு நடுவுல நான் என்ன சொல்றது" என்றார்.

பொருளைக் கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும் என்பதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன். எண்டெல் டல்விங் என்ற உளவியலாளர் 1960களிலேயே சொன்ன விஷயம் இது. ஒன்று நினைவுக்கு வரவில்லை என்றால் அது மனதில் இல்லை என்று பொருள் இல்லை, எடுத்துத் தரும் துப்பு கிடைக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. பழைய சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடிக் கூடு, பள்ளிச் சான்றிதழ், ஓடாத கைக்கடிகாரம் எதுவானாலும் சரி. புகைப்படத்தைவிட, கையால் புழங்கிய பொருள் நன்றாக வேலை செய்கிறது என்பது என் அபிப்பிராயம். புகைப்படத்தைப் பார்த்ததும் யார் யார் என்று பெயர் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். பொருளை எடுத்தால், அதை வைத்து என்ன செய்தோம் என்று பேச ஆரம்பிக்கிறார்கள்.

பொருளே சாட்சி சொல்வதும் உண்டு. எங்களுடையது சிங்கர் மெஷின். அந்த நிறுவனம் 1850களிலேயே தவணை முறையில் விற்க ஆரம்பித்தது. மெஷினைக் கொண்டே சம்பாதித்து அதன் கடனை அடைக்கலாம் என்று எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பெண்கள் வாங்கியிருக்கிறார்கள். சிங்கர் மெஷின்களின் அடிப்பலகையில் வலது பக்கம் வரிசை எண் பொறித்திருக்கும். 1900இலிருந்து வந்தவற்றில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து ஒன்றோ இரண்டோ இருக்கும். எந்த எண் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற பட்டியல்கள் வெளிவந்திருக்கின்றன. எண்ணைத் துடைத்துப் படித்து ஒப்பிட்டுப் பார்த்தால் தயாரிப்பு ஆண்டு தெரியும். வாங்கிய ஆண்டு தெரியாது, ஆனால் அதற்கு முன்னால் வாங்கியிருக்க முடியாது என்பது நிச்சயம். கடிதங்களுக்கும் இப்படித்தான். உள்ளே தேதி இல்லாவிட்டால் உறையின் தபால் முத்திரையைப் பாருங்கள். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் பத்திரப்படுத்துகிறவர்கள் நிறைய. உறையையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து சித்தப்பா. அவர் அப்போது ரொம்பச் சின்னப் பையன். பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்தது எதுவும் நினைவில் நிற்பதில்லை. அதற்குப் பிறகான ஓரிரு வருடமும் துண்டு துண்டாகத்தான் இருக்கும். அதனால் அவரிடம் கதையை எதிர்பார்க்கவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, "அந்த வீட்டை வரைஞ்சு காட்டுங்க சித்தப்பா" என்றேன். வீட்டின் வரைபடம் போடச் சொல்வது எனக்குத் தெரிந்த வழிகளிலேயே சிறந்த வழி. பேச வராதவர்களும் வரைவார்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், யார் எங்கே படுப்பார்கள், விளக்கு எங்கே இருக்கும் என்று கோடு போடும்போதே ஒவ்வொரு அறையிலும் ஆட்கள் வந்துவிடுவார்கள். சித்தப்பா மூலையில் மெஷினை வரைந்தார். கூடத்தில் பாதி இடத்தை அது பிடித்துக்கொண்டது. சின்னப் பையனின் கண்ணுக்கு அது அவ்வளவு பெரிது.

"ராத்திரி அந்தச் சத்தத்துலதான் தூங்குவேன். நின்னுட்டா முழிச்சுக்குவேன்" என்றார். அப்புறம் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். அது என்ன என்றேன். "அது உங்க அப்பா. விளக்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். தூங்கி விழுவார். விளக்கு சாயும். அம்மா 'டேய்'ம்பாங்க. மறுபடி நிமிர்த்துவார்."

என் அப்பா ஒரு தடவைகூடச் சொல்லாத விஷயம் இது. எதற்காக விளக்குப் பிடிக்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தாளை வாங்கி வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் வேறு எதுவும் கேட்கவில்லை. சித்தப்பாவும் சும்மா இருந்தார். இந்த மாதிரி நேரத்தில் அடுத்த கேள்விக்குப் பறக்காமல் இருந்தால், சொல்கிறவர் தானாகவே இன்னும் கொஞ்சம் சொல்வார். அன்றைக்கும் சொன்னார்.

பெரியவர்களிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் திணறுகிறவர்களுக்கு ஒரு விஷயம் உதவும். நாற்பதைத் தாண்டியவர்களை வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்திலிருந்து முப்பது வயது வரையிலான காலத்து நினைவுகள் மற்ற காலங்களைவிட அதிகமாக வருகின்றன. டேவிட் ரூபின் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1986இல் இதை விரிவாக எடுத்துக்காட்டினார்கள், பிறகு பல ஆய்வுகளிலும் இது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆனால் நாம் பெரியவர்களிடம் கேட்பதெல்லாம் நம் குழந்தைப் பருவத்தைப் பற்றித்தான்: "நான் சின்ன வயசுல எப்படி இருந்தேன்?" நாம் பிறப்பதற்கு முன்னால் அவர்கள் யாராக இருந்தார்கள் என்று கேளுங்கள். முதல் சம்பளம், முதல் தனி அறை, யாரோடு சண்டை போட்டார்கள், யாரைப் பார்த்துப் பயந்தார்கள். பெரியம்மா ஒருவர் வீட்டை விட்டு வந்து தனியாக வேலை பார்த்த காலத்தைச் சொன்னபோது, அவர் குரலே இளமையாகிவிட்டது. அந்தப் பெண்ணை எங்களில் யாருக்கும் தெரியாது.

"எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். வருடம் யாருக்கும் நினைவிருக்காது, நினைவில்லை என்றதும் பேச்சும் நின்றுவிடும். பெரும்பாலும் நாம் சம்பவங்களை உண்மையில் நடந்ததைவிடச் சமீபத்தில் நடந்ததாகவே நினைக்கிறோம். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளரும் இன்னொருவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் செயின்ட் ஹெலென்ஸ் எரிமலை வெடித்ததை எல்லைக்கல்லாக வைத்து, "அதற்குப் பிறகு இது நடந்ததா?" என்று கேட்டபோது இந்தப் பிசகு குறைந்தது. வீட்டில் எரிமலை தேவையில்லை. "அப்போ நீங்க எந்த வகுப்பு? தம்பி பிறந்தாச்சா? எந்த வீட்டுல இருந்தீங்க?" என்று கேட்டாலே வருடத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

யாரை எப்போது பார்ப்பது என்பதும் முக்கியம். காலையில் தெளிவாக இருக்கிறவர் சாயங்காலம் களைத்துவிடுவார். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட, முக்கால் மணி பேசிவிட்டு மறுநாள் திரும்பப் போவது மேல். முதல் நாள் கேட்டது ராத்திரியெல்லாம் அவர்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். மறுநாள் வாசலில் கால் வைத்ததும், "நேத்து கேட்டியே, அது இப்போ ஞாபகம் வந்தது" என்பார்கள். விட்டுப்போனதெல்லாம் இந்த இரண்டாம் சந்திப்பில்தான் வந்து சேர்கிறது. அதனால் பயணத்தின் கடைசி நாளில் ஒருவரை முதல் முறையாகப் பார்க்கப் போவதுபோல் திட்டம் போடாதீர்கள்.

காது கேட்காதவர்களிடம் கத்துவதால் பலன் இல்லை. வயதால் வரும் காதுமந்தம் பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளில்தான் தொடங்கும். 'ச' போன்ற எழுத்துகளின் ஓசை நழுவும், பேச்சு காதில் விழும், ஆனால் சொல் புரியாது. கத்தினால் ஒலி சிதைந்து இன்னும் மோசமாகிறது. மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவிட்டு, வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி எதிரே உட்கார்ந்து, சற்று நிதானமாகப் பேசினால் போதும். கூட்டத்தில் அவர்கள் பேசாமல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பல பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் அவர்களுக்கு எதுவும் பிரிபடாது. தனியாகப் பார்க்கச் சொல்வதற்கு இது இன்னொரு நியாயம்.

பாட்டியின் தங்கை, எங்கள் சின்னப் பாட்டி, மறதி நோயில் இருக்கிறார். போனவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "நான் யாருன்னு தெரியுதா?" என்றுதான். பாசத்தில் கேட்பதுதான், ஆனால் அவருக்கு அது ஒரு பரீட்சை. தெரியவில்லை என்பதை முகத்தில் மறைக்க அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, நான் உங்க அக்கா பேரப்பிள்ளை, உங்களைப் பார்க்க வந்திருக்கேன்" என்று என் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் உடனே தளர்ந்தது. அந்தத் தகவலை அவர் வைத்துக்கொண்டாரா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை.

இந்த மாதிரி நோய்களில் சமீபத்திய நினைவுகள் முதலில் போய், பழையவை பிந்திப் போகும் என்று தியோடுல் ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1881இலேயே எழுதிவிட்டார். கை பழகிய வேலையோ வேறு வழியில் தங்குகிறது. மூளை அறுவைசிகிச்சைக்குப் பிறகு புதிய நினைவே பதியாமல் போன ஒருவர், கண்ணாடியில் பார்த்துப் படம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், ஆனால் முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. பிரெண்டா மில்னர் என்ற கனடா விஞ்ஞானி அவரிடம் செய்த இந்தச் சோதனை மிகவும் பெயர்பெற்றது. அதை மனதில் வைத்துச் சின்னப் பாட்டியிடம் ஒரு துணித்துண்டைக் கொடுத்தேன். ஓரத்தை இரண்டாக மடித்து, நகத்தால் கீறி, அடுத்த மடிப்பு போட்டார். "அக்கா இன்னும் அகலமா மடிப்பா. நான் சொன்னா கேக்கமாட்டா" என்றார். பாட்டி தைத்த சட்டைகளின் ஓரம் அகலமாக இருக்கும். அதை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்கள் பழையதையே பேசுவது முதுமையில் புத்தி தடுமாறுவதன் அறிகுறி என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் அதை மறுத்து எழுதினார். முதுமையில் ஒருவர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்வது இயல்பானது, தேவையானதும்கூட என்றார். சொன்னதையே சொல்கிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். நாலாவது முறை சொல்லும்போது ஒரு வரி கூடுதலாக வரும். அந்த வரிக்காகக் காத்திருக்கலாம்.

இனி பதிவு செய்யும் விஷயம். கேட்காமல் ரெக்கார்ட் செய்யவே கூடாது, அது சொந்த அத்தையானாலும் சரி. போனை மேசைமேல் வெளிப்படையாக வைத்து, "பதிவு பண்ணிக்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்" என்று கேளுங்கள். அத்தை தாத்தாவின் வேலை போன காரணத்தைச் சொல்ல வந்தபோது கையைக் காட்டினார். நிறுத்திவிட்டேன். அவர் சொன்னதைக் கேட்டேன், அது என்னோடு இருக்கும். இன்னொருவரைப் பற்றிய சங்கதி அது, அவர் குடும்பம் இன்னும் இருக்கிறது.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு அறுந்துவிடும். ஒரு முழம் தூரத்தில், கெட்டியான மேசையில் நேராக வைக்காமல் அடியில் ஒரு துணி மடித்துப் போட்டு வையுங்கள். ஆரம்பத்திலேயே தேதி, இடம், பேசுபவர் பெயர், அவர் நமக்கு என்ன உறவு என்று குரலிலேயே சொல்லிவிட வேண்டும். இருபது வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கிற பிள்ளைக்கு "அத்தை" என்றால் யாருடைய அத்தை என்று தெரியாது. பேச்சு முடிந்ததும் உடனே நிறுத்தாதீர்கள். செருப்பு மாட்டும்போதுதான் பலர் முக்கியமானதைச் சொல்கிறார்கள். குரல் பதிவை அரட்டைச் செயலி வழியாக அனுப்பினால் தரம் குறைந்துபோகலாம், மூலக் கோப்பை அப்படியே நகலெடுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில் என்பது ஆவணக்காரர்கள் பின்பற்றும் கணக்கு.

பழைய கேசட் கிடைத்தால் முதல் வேலையாக அதன் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு யாரும் தெரியாமல் அதன்மேல் பதிவு செய்துவிட முடியாது. வருடக்கணக்கில் தூங்கிய டேப் ரெக்கார்டரில் போட்டு ஓட்டாமல், டேப்பை டிஜிட்டலாக மாற்றித் தருபவரிடம் கொடுப்பது நல்லது. புகைப்படங்களை ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளுக்கு மேலேயே போன் வைத்து எடுத்தால் பளபளப்புதான் விழும். வெளியே எடுத்து, ஜன்னல் பக்கம், நேரடி வெயில் படாத வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஒட்டும் ஆல்பத்தில் சிக்கியிருந்தால் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் இருந்தால் சின்னப் படங்களுக்கு 600 டிபிஐ. பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும், மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். 'அம்மா', 'தாத்தா' என்று எழுதாமல் முழுப் பெயரை எழுதுங்கள்.

கடைசியில் எல்லாரும் பெரியப்பா வீட்டில் கூடினோம். மெஷின் கதை வந்தது. பெரியப்பா வழக்கம்போலச் சொல்லி முடித்தார். நான் அத்தையைப் பார்த்தேன். சொல்லச் சொல்லி நான் முன்பே கேட்டிருந்தேன், "பார்க்கலாம்" என்றிருந்தார். அன்று கைவேலையை மடியில் வைத்துவிட்டு, "அண்ணா, அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தார்.

பெரியப்பா குறுக்கிடவில்லை. முடித்ததும் வெகுநேரம் கழித்து, "மாசத்துல ஒருநாள் நீ ஸ்கூல் விட்டு லேட்டா வருவியே. எங்க சுத்திட்டு வர்றேன்னு நான் உன்னைத் திட்டியிருக்கேன். அது இதுக்குத்தானா?" என்றார். அத்தை தலையாட்டினார். "ஒருநாள் கையில ஏதோ மடிச்ச தாள் இருந்தது. பிடுங்கப் பார்த்தேன். அழுதே" என்றார் பெரியப்பா. அத்தைக்கே அது மறந்துபோயிருந்தது. தனித்தனியே கேட்ட பிறகு சேர்ந்து உட்காருவதன் பலன் இதுதான். ஒருவர் சொன்னது இன்னொருவரிடம் கிடந்ததை இழுத்துக்கொண்டு வருகிறது. ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பெரியப்பாவிடம் இருந்த ஒரு காட்சிக்கு அன்றுதான் அவருக்கு அர்த்தம் தெரிந்தது.

இப்படி எப்போதும் பொருந்தி வராது. வரைபடத்தில் ஜன்னல் எந்தச் சுவரில் இருந்தது என்று மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள், மூவரும் சத்தியம் செய்தார்கள். உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் மாணவர்களிடம் செய்தியை எப்படிக் கேள்விப்பட்டார்கள் என்று எழுதி வாங்கி, இரண்டரை வருடம் கழித்து மறுபடியும் கேட்டார். பலர் முற்றிலும் வேறு கதை சொன்னார்கள், அதுவும் உறுதியோடு. ஒருவர் அடித்துச் சொல்வதால் மட்டும் அது நடந்ததாகிவிடாது, மாறிச் சொல்வதால் அவர் பொய் சொல்கிறார் என்றும் ஆகாது. நான் யாரையும் திருத்துவதில்லை. "அத்தை சொன்னபடி", "சித்தப்பா சொன்னபடி" என்று பெயர் போட்டு மூன்று ஜன்னலையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கா மகள் அன்று கூடவே இருந்தாள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள், குடும்பத்தைப் பற்றிய இருபது கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்து, குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாக இருப்பதைப் பார்த்தார்கள். கேள்விக்கு விடையை மனப்பாடம் செய்ய வைத்தால் அந்தப் பலன் வராது, பெரியவர்கள் உட்கார்ந்து கதை சொல்லும் பழக்கம்தான் விஷயம் என்று டியூக்கே எழுதியிருக்கிறார். அவளுக்கு நான் எதையும் பாடமாகச் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவளாகவே அத்தையிடம் போய், "அந்தக் கடைக்கு எப்படிப் பாட்டி போவீங்க, பயமா இருக்காதா?" என்று கேட்டாள். நான் கேட்கத் தோன்றாத கேள்வி.

ஊரிலிருந்து திரும்பியதும் எழுத உட்கார்ந்தேன். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர நாலு மணி நேரத்துக்குக் குறையாது, அதனால் எல்லாவற்றையும் எழுதவில்லை. மெஷின் கதையை மட்டும் மூவர் சொன்னபடியே எழுதி, பெரிய எழுத்தில், 18 புள்ளி அளவில் அச்செடுத்து, ஆளுக்கொரு பிரதி தபாலில் அனுப்பினேன். கேட்டு வாங்கியதைத் திருப்பிக் காட்டுவது மரியாதை மட்டுமில்லை, அதுதான் அடுத்த சுற்றுப் பேச்சைத் தொடங்கி வைக்கிறது. பெரியப்பா போனில் கூப்பிட்டு இரண்டு பெயர்களைத் திருத்தினார். சித்தப்பா தன் வரைபடத்தில் கதவைத் தப்பான பக்கம் போட்டுவிட்டதாகச் சொன்னார். அத்தை பிரதியிலேயே பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்பினார்: பணத்தைத் தாளில் மடித்தது பாட்டி இல்லை, தாத்தா. வேலை இல்லாத மாதங்களில் அந்தத் தாளை மடித்துத் தன் கையில் கொடுத்தது அவர்தான் என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

ரசீதுகளை எல்லாம் பாட்டி நூலில் கோத்துத் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தாராம். பெட்டி சித்தப்பா வீட்டுப் பரண்மேல் இருக்கலாம். ஏணி எடுத்துப் பார்க்கிறேன் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். அக்கா மகள்தான் வாரம் ஒருமுறை அவருக்குப் போன் போட்டு, ஏறினீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.